"120-ல வந்தோம் டாக்டர், வேகமே தெரியல!"

1/
"மதுரையில இருந்து 120-ல வந்தோம் டாக்டர், வேகமே தெரியல. அப்படியொரு வண்டி!"
புதுசா கார் வாங்கின நண்பர்கள் பெரும்பாலும் சொல்ற முதல் வரி இதுதான். பாராட்டாத்தான் சொல்றாங்க. ஆனா எனக்கு அதைக் கேட்டா வேற ஒரு வரி ஞாபகம் வரும். பல வருஷமா சுகர் இருக்கிறவர் ஓ.பி.யில வந்து உட்கார்ந்து, "கால்ல ஆணி ஏறினதே தெரியல சார்"னு சொல்ற வரி.
வலி தெரியலைன்னா அங்க ஆணி இல்லைன்னு அர்த்தம் கிடையாது. உணர்வு போயிடுச்சுன்னு அர்த்தம்.

2/
காருக்குள்ள வேகம் தெரியாம போனது தற்செயல் இல்லைங்க. 70 வருஷமா, கோடிக்கணக்குல செலவு பண்ணி, கெட்டிக்கார இன்ஜினியர்கள் திட்டமிட்டுச் செஞ்ச வேலை. அதை ஒரே ஒரு காரின் கதையை வைச்சு சொல்றேன்.
பென்ட்லி கான்டினென்டல். நம்மில் முக்கால்வாசிப் பேர் வாங்கப் போறதில்ல, நானும்தான். ஆனா உங்க வீட்டு வாசல்ல நிக்கிற காருக்கு அது பெரியப்பா முறை. அந்த வீட்டுச் சொத்து கொஞ்சம் கொஞ்சமா நம்ம வீட்டுக்கும் வந்திருக்கு. சொத்து மட்டுமா வந்தது, கடனும் சேர்ந்து வந்ததாங்கிறதுதான் இந்தப் பதிவு.

3/
முதல்ல 'கிராண்ட் டூரிங்'னா என்ன?
ரேஸ் கார் வேகமா போகும். இறங்கும்போது முதுகு போயிருக்கும். பெரிய சொகுசுக் கார் சுகமா போகும். வளைவுல கப்பல் மாதிரி ஆடும். இரண்டையும் ஒண்ணா சேர்த்து, நாலு பேரும் பெட்டிகளும் ஏறி, ஒரே நாள்ல பல நூறு கிலோமீட்டர் வேகமா போய், இறங்கும்போது சட்டை கசங்காம இருக்கணும். அதுதான் ஜிடி. சென்னையில கிளம்பி 600 கி.மீ.க்கு மேல ஓட்டி, நெல்லையில இறங்கி நேரா கல்யாண வீட்டுப் பந்திக்குப் போறதுன்னு வைச்சுக்கோங்க.
ஆக, இந்த வண்டியோட அடிப்படை வாக்குறுதியே 'களைப்பு தெரியாது' என்பதுதான்.

4/
1952-ல் வந்தது பென்ட்லி ஆர்-டைப் கான்டினென்டல். 4.6 லிட்டர், ஆறு சிலிண்டர். மணிக்கு 185 கி.மீ. அருகில் போகும். நாலு பேர் உட்காரும் கார்கள்ல அந்தக் காலத்துல உலகத்திலேயே வேகமானதுல ஒண்ணு. மொத்தமே 208 வண்டிதான் செஞ்சாங்க.
அந்த வண்டிக்கு அப்போ மிகப் பெரிய தடை எது தெரியுமா? இன்ஜின் இல்ல. டயர்.

5/
அவ்வளவு கனமான காரை அந்த வேகத்துல தாங்குற டயர் அன்னைக்கு கிடையாது. அதனால வண்டி எடை 34 ஹண்ட்ரட்வெயிட்டுக்குள்ள, அதாவது சுமார் 1,730 கிலோவுக்குள்ள இருக்கணும்னு எல்லை போட்டாங்க. அதுக்காகவே பாடியை அலுமினியத்துல அடிச்சாங்க. சீட்டு, பம்பர் வரைக்கும் எடை பார்த்தாங்க.
டயர் 'இதுக்கு மேல வேண்டாம்'னு சொன்னா இன்ஜினியர் கேட்டார். இந்த இடத்தை ஞாபகம் வைச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

6/
அந்தக் காருக்கு டிரம் பிரேக். சீட் பெல்ட் கிடையாது. நாம இன்னைக்குப் போடுற மூணு முனை சீட் பெல்ட்டை வால்வோவின் நில்ஸ் போலின் வடிவமைச்சதே 1959-ல்தான். இன்னைய கணக்குல அது பயங்கரமான வண்டி.
ஆனா ஒரு விஷயம் இருந்தது. 150-ல போனா 150-ல போறோம்னு ஓட்டுறவருக்குத் தெரியும். காத்து கத்தும், ஸ்டியரிங் நடுங்கும், இன்ஜின் உறுமும், சீட்டு அதிரும். வண்டி பேசும்.

7/
நடுவுல இருக்கிற 50 வருஷத்தை ஓட்டமா சொல்லிடறேன். 1931-லேயே பென்ட்லியை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கியிருந்தது. 60-களின் நடுவுக்கு அப்புறம் பென்ட்லிக்குன்னு தனி உடம்பே இல்லாம, ரோல்ஸ் ராய்ஸுக்கு பேட்ஜ் மாத்தின வண்டியா காலம் தள்ளுச்சு. 1991-ல் கான்டினென்டல் ஆர் வந்துதான் தனி முகம் திரும்பக் கிடைச்சது. 1998-ல் ஃபோக்ஸ்வாகன் வாங்கியது. கதை மாறினது அங்கதான்.

8/
2003: கான்டினென்டல் ஜிடி.
6 லிட்டர், 12 சிலிண்டர், இரட்டை டர்போ, 560 குதிரைத்திறன். உச்ச வேகம் 318 கி.மீ. நின்ன இடத்துல இருந்து 100-ஐத் தொட 4.8 விநாடி. 1952 வண்டிக்கு அதுக்கு 13 விநாடிக்கு மேல ஆகும்.
எடை? சுமார் 2.4 டன். டயர் தொழில்நுட்பம் வளர்ந்து, 'வேண்டாம்'னு சொன்ன வாயை மூடிடுச்சு. நாலு சக்கரத்துக்கும் இழுவை, காத்துப்பை சஸ்பென்ஷன், 405 மி.மீ. முன் பிரேக் டிஸ்க். பெரிய சாப்பாட்டுத் தட்டை விடப் பெருசு.

9/
2018-ல் விற்பனைக்கு வந்த மூணாம் தலைமுறை: 635 குதிரைத்திறன், 333 கி.மீ., 3.7 விநாடி. வளைவுல வண்டி சாய்ஞ்சா 48 வோல்ட் மோட்டார் நிமிர்த்திப் பிடிக்கும்.
2024-ல் நாலாம் தலைமுறை: அந்த 12 சிலிண்டர் இன்ஜினுக்கு விடை கொடுத்தாச்சு. வி8 இன்ஜினோட பேட்டரி சேர்ந்த ஹைபிரிட். 782 குதிரைத்திறன், 335 கி.மீ., 3.2 விநாடி. கரண்ட்லயே 80 கி.மீ. வரை சத்தமில்லாம ஓடும். எடை இரண்டரை டன்னை நெருங்குது.
இன்ஜினியரிங்கா பார்த்தா கை எடுத்துக் கும்பிடலாம். நான் கும்பிடுறேன்.

10/
இப்போ என் துறைக்கு வர்றேன்.
நம்ம உடம்புல வேகத்தை அளக்க ஸ்பீடோமீட்டர் கிடையாது. உள்காதுல இருக்கிற உறுப்புகள் வேகம் கூடுறதையும் குறையுறதையும் திரும்புறதையும்தான் உணரும். ஒரே சீரா போனா அதுக்கு எதுவும் தெரியாது. விமானம் 800 கி.மீ.க்கு மேல போகும்போது நாம காபி குடிக்கிறோமே, அதனாலதான்.

11/
அப்போ கார்ல வேகத்தை எப்படித் தெரிஞ்சுக்கிறோம்? திருட்டுத்தனமா, மத்த புலன்கள் வழியா. காத்துச் சத்தம், டயர் சத்தம், அதிர்வு, பக்கத்து மரம் பின்னால ஓடுற வேகம்.
ஜிடி இன்ஜினியர்கள் இந்த ஒவ்வொரு துப்பையும் தேடித் தேடி அழிச்சாங்க. இரட்டை அடுக்குக் கண்ணாடி சத்தத்தை எடுத்தது. காத்துப்பை சஸ்பென்ஷன் அதிர்வை எடுத்தது. ஒலித்தடுப்பு மெத்தை இன்ஜினை எடுத்தது. மிச்சம் இருக்கிறது கண் ஒண்ணுதான். ஆறுவழி, நாலுவழி ரோடு அகலமாகி, மரம் தள்ளிப் போனதும் கண்ணும் ஏமாந்துடுச்சு.

12/
இதுல இன்னொண்ணும் இருக்கு. ஒரு மணி நேரம் 110-ல ஓட்டிட்டு 60-க்கு இறக்கினா, வண்டி நிக்கிற மாதிரி இருக்கும். மூளை பழகிடும். பைபாஸ்ல இருந்து இறங்கி ஊருக்குள்ள வர்றவங்க தன்னை அறியாம 70, 80-ல வர்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அவங்க எல்லாரும் திமிர் பிடிச்சவங்க இல்ல. 'மெதுவாத்தான் போறோம்'னு மனசார நம்புறாங்க.

13/
"அதெல்லாம் கோடிக்கணக்குல விலை இருக்கிற வண்டிக்கு டாக்டர், எங்களுக்கு என்ன?"
கேள்வி சரி. ஆனா இன்னைக்கு 12 லட்ச ரூபாய் காரும் 120-ஐ சிரிச்சுக்கிட்டே தொடும். உள்ள அமைதியா இருக்கும், ஏசி, பாட்டு, குரூஸ் கன்ட்ரோல். பெரியப்பா வீட்டு சுகம் வேகமா வந்து சேர்ந்துடுச்சு.
பாதுகாப்பு? 1978-ல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ்ல வந்த ஏபிஎஸ் பிரேக், இந்தியாவுல எல்லாப் புதுக் கார்லயும் கட்டாயம் ஆனது 2019-ல். 41 வருஷம். நம்ம ஊர் கார்களை மோதவைச்சுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற பாரத் என்கேப் தொடங்கினதே 2023 அக்டோபர்ல.
சுகம் பஸ்ல வந்துச்சு, பாதுகாப்பு நடந்து வந்துச்சு.

14/
இப்போ நம்ம ரோட்டுக்கு வாங்க. காஷ்மீர்ல இருந்து குமரி வரை போற 44-ம் நம்பர் நெடுஞ்சாலை. பழைய ஆளுங்களுக்கு ஏழாம் நம்பர் ரோடு. கோவில்பட்டி, கயத்தாறு, காத்தாடிகள் எல்லாம் தாண்டி, நெல்லைக்குள்ள நுழையுறதுக்கு முன்னால வர்ற ஊர் கங்கைகொண்டான். சிற்றாற்றங்கரை ஊர்.
இங்க மூணு விஷயம் பக்கம் பக்கமா இருக்கு. வேகத்துல போற ரோடு. ஆயிரக்கணக்கானவங்க வேலைக்கு வந்து போற சிப்காட். 2013-ல் அறிவிச்ச புள்ளிமான் சரணாலயம். மானுக்கு போர்டு படிக்கத் தெரியாது. ஷிப்ட் முடிஞ்சு பைக்கை உதைச்சு வீட்டுக்குப் போறவருக்கு, எதிர்ல வர்ற கார் சத்தமே இல்லாம வருது.

15/
அதே சிப்காட்ல டயர் ஆலையும் இருக்கு. ஏடிசி டயர்ஸ், 2016-ல ஜப்பானின் யோகோஹாமா வாங்கியது. விவசாயம், கட்டுமான வேலைகளுக்கான வண்டிகளுக்குப் போடுற பெரிய டயர்கள். அந்த டயர் ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு எடை, எவ்வளவு வேகம்னு எல்லை குறிச்சிருக்கும். உங்க கார் டயர்லயும் இருக்கு, குனிஞ்சு பாருங்க.
டயருக்கு எல்லை எழுதி வைச்சோம். ஓட்டுற மனுஷனுக்கு எங்கேயும் எழுதி வைக்கல. அதான் நான் எழுதறேன்.

16/
எல்லை 1: கண் பார்த்து, மூளை புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக சுமார் ஒன்றரை விநாடி. 1952 பென்ட்லி ஓட்டினவருக்கும் அதே, 2024 பென்ட்லி ஓட்டுறவருக்கும் அதே.
அந்த ஒன்றரை விநாடியில வண்டி போற தூரம்:
60-ல போனா 25 மீட்டர்.
80-ல 33 மீட்டர்.
120-ல 50 மீட்டர்.
பிரேக்கை இன்னும் தொடவே இல்ல என்பதைக் கவனிங்க. 405 மி.மீ. டிஸ்க் இருந்தாலும் இந்த 50 மீட்டருக்கு அது சும்மா சுத்திட்டுத்தான் இருக்கும்.

17/
எல்லை 2: தூக்கம்.
ராத்திரி 9 மணிக்கு சென்னையில கிளம்பி, கோயில் கொடைக்கு ஊருக்கு வர்ற வண்டி கங்கைகொண்டானைத் தொடும்போது விடியக்காலம் 4, 5 மணி. மனுஷ மூளை உடம்பை அணைச்சு வைக்க நினைக்கிற நேரம் அது. அதோட 'ஊர் வந்தாச்சு'ங்கிற நிம்மதியும் சேரும். அந்த நிம்மதி ஒரு தாலாட்டு. சத்தமில்லாத, ஆடாத, குளிர்ந்த கார் ஒரு தொட்டில்.
மூணு விநாடி கண் அசந்தா, 100-ல போற வண்டி 83 மீட்டர் தானா போகும். கண் திறந்தே இருக்கும்போதும் மூளை இப்படி அசரும். ஓட்டுறவருக்கே தெரியாது.

18/
எல்லை 3: உடம்பு.
மோதல்ங்கிறது ஒண்ணு இல்ல, மூணு. கார் எதிலயோ மோதுது. நீங்க காருக்குள்ள மோதுறீங்க. உங்க உறுப்புகள் உங்க உடம்புக்குள்ள மோதுது. முதல் இரண்டுக்கும் நொறுங்கும் முன்பகுதி, பெல்ட், ஏர்பேக்னு ஏதாவது செய்யலாம். மூணாவது மோதலுக்கு உள்ள எந்த ஏர்பேக்கும் கிடையாது.
இதயத்துல இருந்து கிளம்புற மகாதமனியின் ஒரு பகுதி அசையும், அதை ஒட்டின பகுதி முதுகெலும்போட ஒட்டி இருக்கும். திடீர்னு நின்னா அசையுற பகுதி முன்னால பாயும், ஒட்டின பகுதி பாயாது. கிழியுற இடம் அந்த எல்லை. வெளியில ஒரு கீறல்கூட இல்லாம இருக்கலாம்.

19/
80-க்கும் 120-க்கும் 'ஒண்ணரை மடங்கு'தானேன்னு தோணும். மோதும்போது தாக்குற ஆற்றல் வேகத்தின் இருமடியில கூடும். ஆக 2.25 மடங்கு.
ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநில விபத்து ஆணையம் 2016-ல் ஒரு சிற்பம் செஞ்சு வைச்சாங்க. பேர் கிரஹாம். கார் விபத்தைத் தாங்குற மாதிரி மனுஷன் பரிணாமம் அடைஞ்சிருந்தா எப்படி இருப்பான்னு ஒரு விபத்து சிகிச்சை நிபுணரும் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளரும் சொல்ல, பட்ரிசியா பிச்சினினி என்ற சிற்பி செஞ்சது. கழுத்தே இல்ல, மண்டை ஹெல்மெட் மாதிரி, நெஞ்சு பீப்பாய் மாதிரி. இணையத்துல தேடிப் பாருங்க. நீங்க அப்படி இல்லைன்னா, நீங்க இன்னும் 1952 மாடல்தான்.

20/
காருக்கு வெளிய இருக்கிறவரை நினைங்க. 2022-ல் இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். மத்திய அரசு அறிக்கை. அதுல 44.5 சதவீதம் டூவீலர்காரங்க, 19.5 சதவீதம் நடந்து போனவங்க. பத்துல ஆறு பேருக்கு மேல, சுத்தி இரும்புக் கூடே இல்லாதவங்க. அதே வருஷம் விபத்து எண்ணிக்கையில முதலிடம் நம்ம தமிழ்நாடு: 64,105.
70 வருஷ கிராண்ட் டூரிங் பரிணாமத்துல டிவிஎஸ் எக்ஸ்எல்ல பின்னால புல்லுக்கட்டு வைச்சு ரோட்டைக் கடக்கிற பெரியவருக்குக் கிடைச்சது ஒண்ணுதான்: முன்ன கார் வர்ற சத்தமாவது கேட்கும், இப்போ அதுவும் இல்ல.

21/
"ரோடு டிசைன் சரியில்ல, குறுக்க வர்றவங்க மேல தப்பு, எங்க மேல பழி போடுறீங்களே?"
ரோடு சரியில்லைங்கிறதை நூறு சதவீதம் ஒத்துக்கிறேன். ஊர் இருக்கிற இடத்துல சுரங்கப்பாதையும் சர்வீஸ் ரோடும் வெளிச்சமும் வேணும். அதைக் கேட்கிறது நம்ம உரிமை. ஆனா அது வர்ற வரைக்கும் இருக்கிற ரோட்டுலதான ஓட்டணும்? எதிர்ல வர்றவர் தப்பே பண்ணாலும், அந்தத் தப்புக்கு மரண தண்டனை கொடுக்கிறது உங்க வேகம்.

22/
"நல்ல கார் வாங்கினா பாதுகாப்புதானே?"
ஆமா. நல்ல காரை நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல. காசு இருந்தா சன்ரூஃபை விட்டுட்டு அதிக நட்சத்திரம் வாங்குன மாடலை எடுங்க. ஆனா கார் தன் பங்கைச் செய்யணும்னா நீங்க உங்க பங்கைச் செய்யணும்.
2022 செப்டம்பர் 4, மகாராஷ்டிரா பால்கர். தொழிலதிபர் சைரஸ் மிஸ்த்ரி போன விலையுயர்ந்த சொகுசுக் கார் பாலத்துல மோதியது. முன் சீட்ல இருந்த இருவர் பிழைச்சாங்க. பின் சீட்ல பெல்ட் போடாம இருந்த இருவரும் இறந்தாங்க. ஒரே கார், ஒரே மோதல்.
நம்ம வீட்டுல பின் சீட் பெல்ட் எங்க இருக்கு? சீட் கவருக்கு அடியில.

23/
இப்போ என் கருத்தை நேரா சொல்றேன்.
2019 ஜூலைக்கு அப்புறம் வந்த கார்னா 80-ஐத் தாண்டும்போது விட்டு விட்டு ஒரு 'பீப்' கேட்கும். 120-ஐத் தாண்டினா விடாம கத்தும். சட்டம் கட்டாயமாக்கின ஒலி. "நச்சு பிடிச்ச சத்தம், இதை ஆஃப் பண்ண ஒயரை எங்க கழட்டணும்?"னு கேட்கிறவங்களை நான் பார்த்திருக்கேன்.
தயவுசெஞ்சு கழட்டாதீங்க. 70 வருஷமா இன்ஜினியர்கள் உங்க கிட்ட இருந்து எடுத்த உணர்வுல, உங்களுக்குத் திரும்பக் கிடைச்சது அந்த பீப் ஒண்ணுதான். சுகர்காரருக்கு நாங்க 'தினம் ராத்திரி பாதத்தைக் கண்ணால பாருங்க'ன்னு சொல்றோமே, அதே மாதிரி. உணர்வு போன இடத்துல பழக்கம்தான் காப்பாத்தும்.

24/
கார் கம்பெனிகளும் இதை உணர ஆரம்பிச்சிருக்காங்க. வால்வோ 2020-ல இருந்து தன் கார்களின் உச்ச வேகத்தை 180-க்கு மேல போகாம கட்டிடுச்சு. ஐரோப்பாவுல 2024 ஜூலையில இருந்து விற்கிற எல்லாப் புதுக் கார்லயும், அந்த ரோட்டின் வேக வரம்பைத் தெரிஞ்சு ஓட்டுநரை எச்சரிக்கிற கருவி கட்டாயம். 335 கி.மீ. போற பென்ட்லிக்கும் அதே சட்டம்தான்.
நம்ம ஊருக்கும் அது வரணும்னு நான் நினைக்கிறேன். 41 வருஷம் காத்திருக்காம.

25/
அது வரைக்கும் நாம செய்யக்கூடியது:
* ஷோரூம்ல '0-100 எத்தனை விநாடி?'ன்னு கேட்கிறதோட '100-0 எத்தனை மீட்டர்?'னும் கேளுங்க. மோதல் சோதனையில எத்தனை நட்சத்திரம்னு கேளுங்க.
* பின் சீட் பெல்ட்டைக் கவருக்கு அடியில இருந்து இன்னைக்கே வெளிய எடுங்க. பாட்டிக்கும் சேர்த்து.
* பைபாஸை விட்டு இறங்கினதும் கால் சொல்றதை நம்பாதீங்க, மீட்டரைப் பாருங்க.
* ராத்திரி 12-ல இருந்து 5 வரை ஓட்டுறதைத் தவிருங்க. தவிர்க்க முடியலைன்னா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்க. கண் சொக்கினா டீ போதாது, 20 நிமிஷம் தூக்கம்தான் மருந்து.
* டயர்ல காத்து, தேய்மானம், தயாரிச்ச தேதி மூணையும் கிளம்பும் முன்னால பாருங்க.

26/
கடைசியா ஒரு கணக்கு. கயத்தாறுல இருந்து நெல்லை சுமார் 30 கி.மீ. 120-ல போனா 15 நிமிஷம். 90-ல போனா 20 நிமிஷம். மிச்சம் ஐந்து நிமிஷம். ஊர் வந்து இறங்கி, செருப்பைத் தேடுறதுக்கும் சாவியைத் தேடுறதுக்கும் ஆகுற நேரம்.

27/
1952-ல் டயர் 'இதுக்கு மேல என்னால முடியாது'ன்னு சொன்னப்போ, உலகத்தின் கெட்டிக்கார இன்ஜினியர்கள் கேட்டு நடந்தாங்க. உங்க உடம்பும் அதையேதான் சொல்லுது. வண்டி அமைதியா இருக்கிறதால உங்களுக்குக் கேட்கல, அவ்வளவுதான்.
அடுத்த தடவை "வேகமே தெரியல"ன்னு வாயில வந்தா, ஒரு தடவை மீட்டரைப் பாருங்க. எங்க ஊர்ல பெரியவங்க வாசல்ல நின்னு வழியனுப்பும்போது சொல்ற வார்த்தையையே நானும் சொல்லி முடிக்கிறேன்:
பைய போங்க. பைய வாங்க. ஒண்ணும் அவசரமில்ல.